எறும்பு ரேஞ்சரின் நோட்டு

பிப்ரவரி 26

அடி எறும்பு,

எந்தக் கடிதமானாலும் நலமா என்று கேட்டுத்தான் எனக்கு ஆரம்பிக்கத் தெரியும். இன்றைக்கு அந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். தூக்கம்தான் அரையும் குறையும்.

உன் பெட்டி வந்து சேர்ந்தது. தேசியப் பூங்கா ஆபீஸிலிருந்து கட்டி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு யூனிஃபார்ம் சட்டை, தொப்பி, பூட்ஸ், பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு. ஒரு சட்டையில் கை மடிப்பு பிரிந்து நூல் தொங்கியது. தையல்காரி பெற்ற பெண்ணுக்கு ஊசி பிடிக்கவா தெரியாது? உட்கார்ந்து தைத்தேன். தைத்து முடித்த பிறகுதான் யாருக்கு என்று தோன்றியது.

பெட்டிக்குப் பின்னாலேயே ஒரு கடிதம் வந்தது. உன் அறையில் கூட இருந்த பெண் எழுதியிருக்கிறாள். நீ போனில் வயர்லெஸ், வயர்லெஸ் என்பாயே, ஆபீஸில் வயர்லெஸ் பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பவள், அவள்தான். மூன்று கோடையாக நீ குடும்பம் குடும்பமாக மலையேற்றிக் கூட்டிப்போன நடையை இந்தக் கோடையில் அவள் தலையில் கட்டியிருக்கிறார்களாம். வழியில் ஒன்பது இடத்தில் நிறுத்தி நீ பிள்ளைகளுக்கு என்னென்ன சொல்வாய் என்பது அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறதாம். பார்க்காமல் பெட்டியில் போட்டுவிட்டேன், தப்பாக நினைக்காமல் திருப்பித் தர முடியுமா என்று கேட்கிறாள்.

நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். முன்பக்கம் நாலைந்து தாளில் இலையும் இறகுமாகக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறாய். அதைத் தாண்டி உன் எழுத்து.

வெறும் ஜலதோஷம்தான் என்று போனில் சொன்னாய். அதற்கு நாலாம் நாள் நீ ஆஸ்பத்திரியில், நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இனி உன் சொல் என்று என்னிடம் இருப்பது இந்த நோட்டு ஒன்றுதான். கொடுக்க மனசில்லை. கேட்ட பிள்ளைக்கு இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் பார்த்து எழுதி அனுப்பலாம் என்று இருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக்காரி உன் எழுத்தைப் பார்த்து எழுதப் போகிறேன். சிரிக்காதே.

அம்மா


மார்ச் 4

வயர்லெஸ் பிள்ளைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே குளிர் விட்டதா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் சொந்தப் பெயர் தெரியும், ஆனால் அவள் கூப்பிட்ட பெயர்தான் வாயில் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

நோட்டு என்னிடமே இருக்கட்டும். அதில் உள்ளதைத் தாள் தாளாகப் பார்த்து எழுதி அனுப்புகிறேன். ஒரு தாளுக்கு ஓர் இடம். கீழே அடுத்த இடத்துக்கு எத்தனை அடி என்று குறித்திருக்கிறாள். முதல் தாளில் மட்டும் அது இல்லை. முதல் இடம் இதுதான்:

“எல்லாரும் உட்காருங்க. தண்ணி குடிங்க. உங்க வண்டி எங்கே நிக்குதுன்னு யார் முதல்ல காட்டுறீங்க, பார்க்கலாம்.”

வண்டியைப் பூட்டினார்களா என்று பார்க்க வைக்கிறாள் போலிருக்கிறது. சின்ன வயசிலேயே வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவாள்.

மற்றது பின்னால் வரும். பெட்டியில் எல்லாவற்றையும் மடித்து வைத்திருந்த அழகைப் பார்த்தேன். அந்தக் கைக்கு நன்றி.

எறும்பின் அம்மா


மார்ச் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி. நானும் அப்படியே. பாதையெல்லாம் பனி மூடிக் கிடப்பதால் சாமான் வண்டி வாரத்துக்கு ஒரு தடவைதான் மேலே வருகிறது. உங்கள் கடிதம் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து வந்தது.

வயர்லெஸ் என்றே கூப்பிடுங்கள். இங்கே எல்லோருக்கும் நான் அதுதான்.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கு இந்த நடையை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆறு வருஷமாகப் பெட்டிக்குள்ளிருந்து வரும் குரலோடு பேசியே பழகியவள். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அவளோடு ஒரு நாள்கூட நடந்து பார்த்ததும் இல்லை. அவள் மலையில் இருந்தால் நான் வயர்லெஸ்ஸில் இருந்தாக வேண்டும். “எறும்பு பேசறேன், மேல வந்தாச்சு, முப்பது தலையும் சரியா இருக்கு” என்பாள். எனக்குத் தெரிந்த நடை அவ்வளவுதான்.

ஜூன் 15க்குள் நான் தயாராகாவிட்டால் இந்த வருஷம் குடும்ப நடை கிடையாது, ஹாலில் திரை கட்டிப் படம் காட்டிவிடலாம் என்று தலைமை ரேஞ்சர் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை அம்மா. ஆனால் இங்கே ஒரு வருஷம் விட்டுப்போனது மறு வருஷம் அட்டவணையில் ஏறி நான் பார்த்ததில்லை. அவளுடைய நடை என் காலத்தில் நின்றுபோனது என்று இருக்கக்கூடாது. முடிந்தபோது மற்ற இடங்களை எழுதுங்கள்.

வயர்லெஸ்


ஏப்ரல் 14

வயர்லெஸ் பிள்ளைக்கு,

சௌகரியமாக இருக்கிறாயா? பதில் தள்ளிப்போனதற்குக் கோபம் வேண்டாம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் வெட்டி முடியவில்லை, இருநூறு உருப்படி. நடுவில் கண்ணாடியின் திருகாணி வேறு எங்கோ விழுந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் பொடி எழுத்து பிடிபடவில்லை.

இரண்டு இடம் அனுப்புகிறேன்.

“இங்க அசையாம நில்லுங்க. பாறை இடுக்கைப் பாருங்க. முயலுக்குத் தம்பி மாதிரி ஒண்ணு வரும், வால் இருக்காது. புல்லை அறுத்து வெயில்ல காயப்போட்டு குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கும். உங்க வீட்ல இவ்வளவு வேலை யார் செய்யறா? கை தூக்குங்க.”

அடுத்தது மரம். பட்டை வெடிப்பில் மூக்கை வைத்து என்ன வாசனை என்று சொல்லச் சொல்கிறாள். ஒரு பிள்ளைக்கு பிஸ்கட் வாசனை வருமாம், இன்னொன்றுக்கு மருந்து வாசனையாம். “யார் சொல்றதும் தப்பில்ல, அவங்கவங்க மூக்கு அவங்கவங்களுக்கு” என்று எழுதியிருக்கிறாள். இந்த வாயை எங்கே கற்றாளோ.

மீதி அடுத்ததில்.

எறும்பின் அம்மா


ஏப்ரல் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

திருகாணி கிடைத்ததா? கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுத வேண்டாம். நாங்கள் எல்லோரும் சுகம்.

அனுப்பிய மூன்றும் மனப்பாடம். அடுப்படியில் சமையல்காரர் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டவர், யாரோ செத்துப்போன செய்தியை வாசிப்பதுபோல இருக்கிறது, கொஞ்சம் சிரித்தபடி சொல் என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அதற்கப்புறம் நாலு நாளாக என் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக விழுகிறது.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? பிள்ளைகள் அவளை எறும்பு ரேஞ்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பெயர்ப் பட்டை இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. முதல் கோடையில் ஒரு பிள்ளை உங்கள் பெயர் என்ன என்று கேட்டதாம். எங்கம்மா கூப்பிடற பெயர் வேணுமா, சம்பளம் கொடுக்கிறவங்க கூப்பிடற பெயர் வேணுமா என்று கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் எதைக் கேட்டிருக்கும்?

மெதுவாகவே அனுப்புங்கள். மே கடைசி வரை பாதையில் பனிதான்.

வயர்லெஸ்


மே 9

எறும்பு,

இன்றைக்கும் அந்த வரி வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திருகாணி தொலையவே இல்லை. கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்?

ஒரு நாளைக்கு ஒரு வரிதான் படிக்கிறேன். படித்த வரியைக் கத்தரி ஓடும்போது மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கும் ஒரு வரி புதிதாக இருக்கிறது என்றால் அன்றைக்கு எழுந்து பல் தேய்க்க ஒரு காரணம். ஒன்பது தாளும் முடிந்துவிட்டால் அப்புறம் நீ எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லமாட்டாய். அதனால்தான் அந்தப் பிள்ளையிடம் கண், வேலை என்று கதை விட்டேன்.

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தெரிந்துதான் மெதுவாகவே அனுப்புங்கள் என்று எழுதுகிறாள். கெடு வைத்திருப்பது அவளுக்கு. விட்டுக்கொடுப்பதும் அவள். அதைப் படித்த பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. நேற்றுக் கடையை அடைத்துவிட்டு மிச்ச ஆறு தாளையும் ஒரே மூச்சில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். பிறகு பசித்தது. சாப்பிட்டேன்.

நீ நல்ல பிள்ளைகளோடுதான் இருந்திருக்கிறாய். அந்த மட்டில் எனக்கு நிறைவு.

அம்மா


ஜூன் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? எனக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, மானம்தான் போய்விட்டது.

பனி உருகிப் பாதை திறந்தது. நேற்று ஒத்திகை. தலைமை ரேஞ்சர், சமையல்காரர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். நீங்கள் அனுப்பியபடியே அடி எண்ணிப் போனேன். கார் நிற்கும் இடத்துப் பக்கத்திலேயே வாசல் கேட். அங்கே எல்லோரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, உங்கள் வண்டி எங்கே நிற்கிறது காட்டுங்கள் என்றேன். “இதோ, முதுகுல இடிக்குது” என்றார் சமையல்காரர். அந்தத் தாளில் அடிக் கணக்கு இல்லையே, உத்தேசமாகக் கொஞ்ச தூரம் போய் அடுத்ததாகப் பாறை முயல். நின்ற இடத்தில் பாறையே இல்லை, குப்பைத்தொட்டிதான் இருந்தது. ஆறாவது இடத்தில் “ஷூவைக் கழட்டுங்க, காலைத் தண்ணியில வைங்க, பத்து எண்ணுற வரைக்கும் யார் தாங்கறா பார்ப்போம்” என்று இருக்கிறது. மொட்டைப் பாறைமேல் நிற்கிறோம். சின்னவன் நிஜமாகவே ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் எங்கே என்று தேடினான். கடைசியில் உச்சிக்குப் போய், “ஷூ நாடாவை இறுக்கிக் கட்டுங்க, கிளம்பலாம், அடுத்த இடம் இருநூறு அடி” என்றேன். இன்னும் இருநூறு அடி வைத்தால் பள்ளத்தில்தான் போய் விழ வேண்டும் என்றார் சமையல்காரர் மனைவி.

அவள் எப்போதும் எடக்காக ஏதாவது செய்வாளே, போகப்போகப் புரியும் என்று நம்பிக்கொண்டே மேலே வரைக்கும் போய்விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். தலைமை ரேஞ்சர் மட்டும் சிரிக்கவில்லை. திரை கட்டும் கயிறு ஸ்டோரில் இருக்கிறதா பார் என்று இறங்கும்போது சொன்னார்.

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். இன்னும் பத்து நாள் இருக்கிறது. நோட்டை இன்னொரு தடவை பார்த்துச் சொல்வீர்களா?

வயர்லெஸ்


ஜூன் 8

வயர்லெஸ் பிள்ளைக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, அவசரத் தபாலில் போடுகிறேன். தப்பு உன்னுடையது இல்லை. என்னுடையது.

என் தையல் அளவு நோட்டு ஒன்று உண்டு. எந்தக் கடையிலும் இப்படி எழுதுவார்களா தெரியாது, நான் எழுதுவேன். முன்பக்கத் தாள்களில் துணி மாதிரியைக் குண்டூசியில் குத்தி வைப்பேன். அளவுகளைக் கடைசித் தாளில் ஆரம்பித்துப் பின்னாலிருந்து முன்னால் எழுதிக்கொண்டு வருவேன். மெஷின் காலடியில் உட்கார்ந்து அவள் எழுதப் பழகியதே அந்த நோட்டில்தான்.

இலையும் இறகும் குத்தியிருந்ததைப் பார்த்தேன். இலைக்கும் எழுத்துக்கும் நடுவில் அத்தனை வெற்றுத் தாள் இருந்ததையும் பார்த்தேன். அப்போதும் புத்தி போகவில்லை. காலேஜ் படித்த பெண், நாலு பேருக்கு எடுத்துச் சொல்கிறவள், என்னைப் போலவா நோட்டு எழுதுவாள் என்று நானே முடிவு செய்துவிட்டேன். படித்தவர்கள் செய்கிற மாதிரி முன்னாலிருந்து பார்த்து எழுதினேன்.

அவள் என்னைப் போலத்தான் எழுதியிருக்கிறாள். ஷூ நாடாதான் ஆரம்பம். வண்டியைத் தேடுவதுதான் கடைசி, உச்சியிலிருந்து. தலைகீழாக வைத்துக்கொண்டு நட, எல்லாம் சரியாக வரும்.

நீ ஒத்திகையைப் பற்றி எழுதியிருக்காவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. நேற்றிலிருந்து மெஷினை மிதிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

மறுபடி பார்த்து எழுத அவகாசம் இல்லை. நோட்டையே இதோடு வைத்து அனுப்புகிறேன். நனையாமல் இருக்கக் குடைத் துணியில் உறை தைத்திருக்கிறேன், இடுப்பு பெல்ட்டில் கோக்கலாம். திருப்பி அனுப்ப வேண்டாம்.

எறும்பின் அம்மா


ஜூன் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை வேண்டுதலாகவே எழுதுகிறேன்.

நோட்டு 12ஆம் தேதி வந்தது. அன்றைக்கே தனியாகப் போய் நடந்து பார்த்தேன். அடிக்கு அடி சரியாக இருந்தது. மறுநாள் தலைமை ரேஞ்சரைக் கூட்டிப்போனேன். ஓடையில் அவர் எட்டு எண்ணும் வரை தாங்கினார். அங்கேயே நின்றுகொண்டு, அச்சுக்குப் போகிற அட்டவணையில் நடையைச் சேர்த்துவிடு என்றார். சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் சுபாவம் அது.

நேற்று முதல் நடை. ஏழு குடும்பம், இருபத்தாறு தலை. ஷூ நாடா கட்டச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது, ஆனால் எல்லோரும் குனிந்திருந்தார்கள், யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஏன் அதை முதலில் வைத்தாள் என்று அப்போது புரிந்தது. நிமிர்ந்தபோது நான் சரியாகிவிட்டேன். பாறை முயல் வாயில் புல்லோடு வந்தது. வீட்டில் இவ்வளவு வேலை யார் செய்வது என்று கேட்டதும் ஒரு அப்பா கை தூக்கினார், அவர் பிள்ளைகளே அந்தக் கையை இழுத்து இறக்கிவிட்டார்கள்.

வருஷா வருஷம் வருகிற ஒரு பெண் குழந்தை, எறும்பு ரேஞ்சர் எங்கே என்று கேட்டது. நான் இடுப்பு உறையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினேன். அதன் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. குழந்தை கொஞ்ச தூரம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது. பிறகு, அவங்க இன்னும் வேகமா நடப்பாங்க என்று புகார் சொன்னது.

பார்வையாளர் புத்தகத்தில் ஐந்து பேர் நன்றி எழுதியிருக்கிறார்கள். அதெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியது. கோடையின் கடைசி நடை ஆகஸ்ட் 29. ஒரு தடவை வந்து நடந்து பாருங்கள் அம்மா. என் அறையில் இரண்டு கட்டில் இருக்கிறது.

வயர்லெஸ்


ஜூலை 20

வயர்லெஸ் பிள்ளைக்கு,

உன் கடிதத்தை வாடிக்கைக்காரர்களிடம்கூடப் படித்துக் காட்டிவிட்டேன். நீ சுகமாக இருந்து இன்னும் நிறையப் பேரை மலையேற்ற வேண்டும். நான் சுகமே.

வரச் சொன்னதற்குச் சந்தோஷம். யூனிஃபார்ம் வேலை முடிந்துவிட்டது, அதனால் அதைக் காரணம் சொல்ல முடியாது. உட்கார்ந்து உட்கார்ந்து தைக்கிற முழங்கால், ஏறுமா என்று பார்க்க வேண்டும். வருகிற பஸ் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில்தானே நிற்கும்? வேறு வழியில் பஸ் ஏதாவது இருக்கிறதா? சும்மா கேட்டுவைக்கிறேன்.

எறும்பின் அம்மா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கிழக்கு கேட் வழியாக ஒரு பஸ் வருகிறது. சுற்று வழி, இரண்டு மணி நேரம் கூடுதல், ஆனால் எந்த ஊருக்குள்ளும் நுழையாது. ஆகஸ்ட் 28 காலை ஒன்பது மணி வண்டியில் ஏறுங்கள். ஜன்னல் பக்கம் இடது கை வரிசையில் உட்காருங்கள், மலை தெரியும். கிழக்கு கேட்டில் நான் நிற்பேன்.

வயர்லெஸ்


ஆகஸ்ட் 30

எறும்பு,

உன் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் நலம்தான், நிஜமாகவே.

நேற்று நடந்தேன். உன் பூட்ஸ் நுனியில் கொஞ்சம் துணி வைத்துப் போட்டுக்கொண்டேன். வயர்லெஸ் முன்னால், நான் கடைசியில், சமையல்காரர் மனைவி துணைக்கு. அவள் புருஷன் வயர்லெஸ் பெட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டு, குழம்பு கொதிக்கிறது, சீக்கிரம் மேலே போய்ச் சேருங்கள் என்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

உன் மரத்தில் மூக்கை வைத்தேன். எனக்கு மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. யார் சொல்வதும் தப்பில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதனால் தைரியமாகச் சொன்னேன். பிள்ளைகள் எல்லாம் மறுபடி ஓடிப்போய் மோந்து பார்த்தன. ஓடையில் மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. இடையில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன். இருபத்தொன்பது பேரும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் நின்றார்கள். ஒரு சின்னப் பெண் தன் தொப்பியால் எனக்கு விசிறிவிட்டது. யார் பெற்றதோ, நன்றாக இருக்கட்டும்.

உச்சியில் எல்லோரும் வண்டியைத் தேடினார்கள். எனக்குத் தேட வண்டி இல்லை. அந்த நேரம் வயர்லெஸ் நோட்டை என் கையில் கொடுத்து, கடைசி இடத்தை நீங்கள் படியுங்கள் என்றாள். முன்னால் இத்தனை பேரை வைத்துக்கொண்டு நான் என்றைக்கு வாயைத் திறந்தேன்? படித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் கடைசி வரை படித்தேன். தலைமை ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே வந்ததும், வருஷா வருஷம் கடைசி நடைக்கு வந்துவிடுங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். நீ என்னை இவ்வளவு நல்ல மனிதர்களிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாய். இதற்கு யாரிடம் போய் நன்றி சொல்ல?

இன்றைக்கு எழுந்து நிற்க முடியவில்லை. ஆடுதசை கல்லாகிவிட்டது. வயர்லெஸ் வெந்நீர் வைத்துக் கொடுத்து, நாளைக்குத்தான் பஸ் ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டாள். வாளியில் காலை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். மூன்று கோடை, வாரத்துக்கு ஐந்து நாள் நீ இதை ஏறி இறங்கியிருக்கிறாய். தினம் போனில் பேசினாய். கால் என்று ஒரு நாள்கூட முனகியதில்லை.

உனக்கு வலிக்கவே இல்லையா, இல்லை, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இருந்துவிட்டாயாடி?